கேத வீட்டு வாசலில் கேமரா

(இராஜபாளையத்தில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிரபலங்களின் மரணமும் ஊடகமும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பேச நாம் சென்னைக்கோ மும்பைக்கோ போக வேண்டியதில்லை. சிவகாசியை ஒட்டிய மீனம்பட்டியில் 1963 ஆகஸ்ட் 13 அன்று பிறந்த ஒரு பெண்ணிடமிருந்தே தொடங்கலாம். 'துணைவன்' படத்தில் குழந்தை முருகனாக வந்து, '16 வயதினிலே'யில் மயிலாகி, 'மூன்றாம் பிறை'யில் நம்மையெல்லாம் அழவைத்து, பிறகு இந்தித் திரையுலகையே ஆண்ட ஸ்ரீதேவி. அவருடைய அப்பா அய்யப்பன் வழக்கறிஞர். 1989 சட்டமன்றத் தேர்தலில் சிவகாசியில் காங்கிரஸ் வேட்பாளராக அவர் நின்றபோது, மகள் வந்து ஓட்டுக் கேட்டதை இங்கே இருக்கும் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் ஊர்ப் பெண் என்று சொல்லிக்கொள்ள நமக்கு எல்லா உரிமையும் உண்டு. அந்த உரிமையோடுதான் அவருடைய சாவுக்கு என்ன நடந்தது என்பதையும் பேச வந்திருக்கிறேன்.

2018 பிப்ரவரி 24. குடும்பத் திருமணம் ஒன்றுக்காக அமீரகம் போனவர், துபாய் விடுதி அறையில் இறந்துபோனார். வயது 54. மாரடைப்பு என்றுதான் முதலில் குடும்பத்தார் சொன்னார்கள். 26-ஆம் தேதி துபாய் காவல்துறை, சுயநினைவு இழந்து குளியல் தொட்டி நீரில் மூழ்கியதால் நேர்ந்த விபத்து மரணம் என்றது. மறுநாளே அந்நாட்டு அரசு வழக்குத் துறை விசாரணையை முடித்து உடலை ஒப்படைத்தது. சட்டப்படி பார்த்தால் விஷயம் மூன்று நாளில் முடிந்துவிட்டது.

அந்த மூன்று நாளும் நம் தொலைக்காட்சிகளில் ஓடியதை நினைத்துப் பாருங்கள். குளியல் தொட்டி எத்தனை அடி நீளம், எத்தனை அடி ஆழம் என்று விவாதம். இந்திச் சேனல் ஒன்று அதற்கு 'மரணத் தொட்டி' என்றே தலைப்பு வைத்தது. வரைகலையில் ஒரு தொட்டி செய்து, அதற்குள் அவருடைய உருவத்தை மிதக்கவிட்டார்கள். பக்கத்தில் ஒரு மதுக் கிண்ணத்தையும் வரைந்தார்கள். தெலுங்குச் செய்தியாளர் ஒருவர் நிஜமான தொட்டிக்குள்ளேயே படுத்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு விளக்கம் சொன்னார். மீனம்பட்டிக்கும் கேமராக்கள் வந்தன. ஆனால் இங்கே வந்து கேட்டது சரியான செய்திதான். எந்த வீட்டில் பிறந்தார், எப்போது கடைசியாக வந்தார், ஊரார் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். ஊரும் பெருமையோடும் துக்கத்தோடும் பதில் சொன்னது. ஒரே பெண்ணின் சாவை அதே வாரத்தில் மதிப்போடும் சொல்ல முடிந்திருக்கிறது, அசிங்கமாகவும் சொல்ல முடிந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே போகிறது என்பதுதான் என் பேச்சு.

இந்தக் கோட்டை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நம் பக்கத்துக் கேத வீட்டில் அது இருக்கிறது. வாசலில் சாமியானா போட்டு நாற்காலி வரிசை வந்ததுமே ஊருக்கு அழைப்பு என்றுதான் பொருள். சாவுக்குப் பத்திரிகை அடிப்பதில்லை, கேள்விப்பட்டவர் எல்லாம் வரலாம். பேச்சு வார்த்தை இல்லாத பங்காளியும் வருவார், வழக்குப் போட்டவரும் வருவார். ஐஸ் பெட்டிக் கண்ணாடி வழியாக முகம் பார்க்கலாம், மாலை போடலாம், பெண்கள் கட்டிக்கொண்டு அழலாம். 'எப்படி ஆச்சு? நேத்துக்கூட கடையில பாத்தேனே' என்று வெளிப்படையாகவே கேட்பார்கள், பதிலும் கிடைக்கும். இதுவரைக்கும் எதுவும் ரகசியம் கிடையாது.

நீர்மாலை வந்ததும் நிலைமை மாறிவிடும். குளிப்பாட்டும் நேரம். நாலைந்து பெண்கள் பழைய சேலைகளை விரித்துச் சுற்றிலும் மறைத்துப் பிடிப்பார்கள். 'அந்த மூலை காத்துல தூக்குது பாரு, இழுத்துப் பிடி' என்று வயதானவள் ஒருத்தி அதட்டுவாள். சேலையைப் பிடித்திருப்பவளைக் கவனித்திருக்கிறீர்களா? அவளுக்கு உள்ளே பார்க்க முடியும். ஆனால் முகத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிக்கொண்டுதான் நிற்பாள். வாசலில் நூறு ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவரும் எழுந்து வரமாட்டார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, எழுதிவைத்த விதியுமில்லை. செத்தவர் இனிமேல் தன் துணியைத் தானே இழுத்துச் சரிசெய்துகொள்ள முடியாது. அதனால் அந்த வேலை உயிரோடு இருப்பவர்களுடையது. அவ்வளவுதான் கணக்கு.

ஸ்ரீதேவி இறந்தது குளியலறையில். குளிப்பாட்டும்போது அடுத்த வீட்டுக்காரரையே பார்க்கவிடாத ஊரில் பிறந்த பெண்ணின் குளியலறையைக் கோடிக்கணக்கான பேர் பார்க்கும்படி நாடு முழுக்கத் திறந்து வைத்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. 28-ஆம் தேதி மும்பையில் உடலை அஞ்சலிக்கு வைத்தபோது, ஊடகத்தாரும் வந்து மரியாதை செலுத்தலாம், கேமராவையும் பதிவுக் கருவிகளையும் வெளியே வைத்துவிட்டு வாருங்கள் என்று குடும்பம் கேட்டுக்கொண்டது. நம் கேத வீட்டு முறையும் அதுதான். வாருங்கள், அழுங்கள், படம் பிடிக்காதீர்கள்.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். 'மாரடைப்பு என்று சொன்னார்கள், பிறகு மூழ்கியது என்றார்கள், சந்தேகம் வராதா? கேள்வி கேட்பது பத்திரிகையின் கடமை இல்லையா?' நியாயமான கேள்வி. முரண்பாடு இருந்தது உண்மை, கேட்க வேண்டியதும் உண்மை. விசாரிக்க அங்கே காவல்துறை இருந்தது, தடயவியல் துறை இருந்தது. அவர்கள் சொன்னதைச் சரிபார்த்து எழுதுவது செய்தி. தொட்டிக்குள் படுத்துக் காட்டுவதால் எந்த உண்மை வெளியே வந்தது? 2023-இல் ஸ்ரீதேவியின் கணவர் போனி கபூர் ஒரு பேட்டியில் சொன்னார்: இந்திய ஊடகங்களின் அழுத்தம் பெரிதாக இருந்ததால் இதையெல்லாம் செய்ய வேண்டியிருந்தது என்று துபாய் அதிகாரிகளே தம்மிடம் கூறியதாகவும், உண்மை கண்டறியும் சோதனைக்குக்கூடத் தாம் உட்படுத்தப்பட்டதாகவும். மனைவியைப் பறிகொடுத்தவர் ஒன்றிரண்டு நாள் விசாரணையில் உட்கார்ந்திருந்தார். இத்தனைக்குப் பிறகும் வதந்தி அடங்கவில்லை. மறு விசாரணை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2018 மே மாதம் அந்த மனு தள்ளுபடியானது.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பது வழக்கறிஞர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தரங்க உரிமை பற்றி இந்தியாவில் பேசினால் ஒரு தமிழ்ப் பத்திரிகையைத் தாண்டிப் போக முடியாது. சிறையில் இருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' வெளியிட முயன்றபோது எழுந்த வழக்கில், 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தன் வாழ்க்கை, குடும்பம், திருமணம் போன்றவற்றில் தனித்து விடப்படும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. ஆனால் பொது ஆவணத்தில் பதிவான செய்தியை வெளியிடலாம், வெளிவருமுன்பே அரசாங்கம் தடைபோட முடியாது. பத்திரிகைச் சுதந்திரத்தையும் அந்தரங்கத்தையும் ஒரே தீர்ப்பில் காப்பாற்றிய வழக்கு அது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். சரியாக ஆறு மாதம் கழித்து, ஸ்ரீதேவி இறந்தார்.

அந்த ஒன்பது நீதிபதிகள் சொன்னது ஏன் அவரைக் காக்கவில்லை? நம் நீதிமன்றங்களின் பார்வையில் அந்த உரிமை ஆளோடு போய்விடுகிறது. ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில், 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒருவரின் அந்தரங்கமும் நற்பெயரும் அசையாச் சொத்துப் போல வாரிசுக்கு இறங்குவதில்லை என்ற கருத்தில்தான் தீர்ப்பளித்தது. நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் தந்தை தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2023-இல் ஏறக்குறைய அதையே சொன்னது. வரலாறு எழுத வேண்டும், படம் எடுக்க வேண்டும், ஆண்டவர்களை விமரிசிக்க வேண்டும் என்ற நோக்கில் இது சரியான நிலைப்பாடுதான். எல்லாவற்றுக்கும் வாரிசுகளின் கையெழுத்து வேண்டும் என்றால் இந்த நாட்டில் வாழ்க்கை வரலாறே எழுத முடியாது.

ஆனால் உயிரோடிருக்கும் குடும்பத்துக்கு ஒரு தனி உரிமை இருக்கிறது. தன் வீட்டுப் பிணத்தை ஊர் சுற்றவிடாமல் பார்த்துக்கொள்ளும் உரிமை. அமெரிக்காவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் 2020 ஜனவரியில் ஹெலிகாப்டர் விபத்தில் மகளோடு இறந்தார். மீட்கப் போன காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் அந்த இடத்தைச் செல்பேசியில் படமெடுத்துத் தங்களுக்குள் காட்டிக்கொண்டார்கள். படம் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை, காட்டியதே குற்றம் என்று மனைவி வழக்குப் போட்டார். 2022 ஆகஸ்டில் நடுவர் குழு அவருக்கு 1 கோடியே 60 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. கலிபோர்னியா கோபியின் பெயரிலேயே சட்டம் கொண்டுவந்தது. மீட்புப் பணிக்குப் போகிறவர் வேலைக்குத் தேவையில்லாமல் இறந்தவரைப் படமெடுத்தால் அங்கே குற்றம். நமக்கு இப்படி ஒரு சட்டம் வேண்டும். நாடாளுமன்றம் கேட்கும் வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தரங்கம் என்ற பெயரில் ஊருக்குத் தெரிய வேண்டியதை மறைப்பதும் நடந்திருக்கிறது. 2016 செப்டம்பர் 22 இரவு முதலமைச்சர் ஜெயலலிதா அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்று சொல்லப்பட்டது. 75 நாள். அந்த 75 நாளும் ஒரு புகைப்படம்கூட வெளிவரவில்லை. வதந்தி பரப்பியதாக வழக்குகள் பதிவாயின, சிலர் கைதும் ஆனார்கள். டிசம்பர் 5 மாலை சில சேனல்கள் அவர் இறந்துவிட்டதாகவே அறிவித்தன. கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் கொடி மறுபடி ஏறியது. இரவு 11.30-க்கு மரணம் என்று அதிகாரபூர்வமாகச் சொன்னார்கள். அந்த மரணத்தை விசாரித்த ஆறுமுகசாமி ஆணையத்தின் அறிக்கை 2022-இல் வெளிவந்தபோது மரண நேரத்தையே வேறாகக் குறித்திருந்தது. எய்ம்ஸ் மருத்துவர் குழுவோ சிகிச்சையில் தவறில்லை என்றது. ஒரு மாநிலமே தன் முதலமைச்சர் எப்போது இறந்தார் என்று ஆறு வருடம் விவாதித்துக்கொண்டிருந்தது.

முதலமைச்சரின் உடல்நிலை அவருடைய சொந்த விஷயம் மட்டும் ஆகாது. அவர் கையெழுத்தில் ஓர் அரசாங்கம் நடக்கிறது. கோப்புகளில் கையெழுத்திட முடிகிறதா, பொறுப்பு யாரிடம் இருக்கிறது, மருத்துவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை நாள்தோறும் மக்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அதே மூச்சில் இதையும் சொல்கிறேன்: 2017 டிசம்பர் 20 அன்று, ஆர்.கே. நகர் வாக்குப்பதிவுக்கு முந்தின நாள், படுக்கையில் அவர் பழரசம் குடிக்கும் காணொளியை வெளியிட்டார்களே, அதுவும் தவறு. வாழ்நாளெல்லாம் எப்படி உடுத்திக் கேமரா முன் வர வேண்டும் என்பதில் அவ்வளவு கவனமாக இருந்த பெண்மணி, நோயாளி உடையில் இருக்கும் அந்தக் காட்சிக்குச் சம்மதித்திருப்பாரா? 1984-இல் எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபோதும் ஒரு படம் காட்டினார்கள். நம் மலைக்கு அந்தப் பக்கம் ஆண்டிப்பட்டியில் அவர் வேட்பாளர். தொகுதிக்கு வராமலே ஜெயித்தார். ஆனால் அப்போது அவர் உயிரோடிருந்தார், மக்களுக்கு வேட்பாளரைப் பார்க்கும் தேவையும் இருந்தது. அம்மையாரின் காணொளி வெளிவந்தபோது அவர் இறந்து ஓராண்டு தாண்டிவிட்டது. சொல்ல வேண்டிய காலத்தில் ஒரு சொல்லும் சொல்லவில்லை, காட்டக் கூடாத காலத்தில் காட்டினார்கள்.

அறிந்துகொள்வது வேறு, எட்டிப் பார்ப்பது வேறு என்று நான் நினைக்கிறேன். நடிகர் விவேக்கின் மரணம் இதற்கு நல்ல சாட்சி. பக்கத்துச் சங்கரன்கோவில் வட்டாரத்துப் பெருங்கோட்டூர் அவருடைய பூர்வீகம். 2021 ஏப்ரல் 15 அன்று எல்லோரும் பார்க்கக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி அதிகாலை மாரடைப்பில் இறந்தார். ஊசிதான் காரணம் என்ற பேச்சு காட்டுத்தீயாய்ப் பரவியது. அந்த நாட்களில் மருத்துவமனையும் சுகாதாரத் துறையும் முன்வந்து இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது என்று விளக்கினார்கள். ஒருவருடைய இதயக் குழாயைப் பற்றி ஊருக்குச் சொல்வது அந்தரங்க மீறல்தானே என்றால், ஆம், சாதாரண நாளில் மீறல். அன்று அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் ஊசி போடப் பயந்து எத்தனை பேர் ஒதுங்கியிருப்பார்களோ. காரணத்தைச் சொன்னார்கள். யாரும் மருத்துவமனைப் படுக்கையைக் காட்டவில்லை, காட்ட வேண்டிய தேவையும் இல்லை.

பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் 2020 ஆகஸ்ட் 5 அன்று மருத்துவமனையில் சேர்ந்தார், செப்டம்பர் 25 அன்று மறைந்தார். இடைப்பட்ட நாட்களில் மகன் சரண் அடிக்கடி ஒரு சின்னக் காணொளியில் வந்து, இன்றைக்கு நிலைமை இப்படி என்று நாலு வாக்கியம் சொல்லிவிட்டுப் போனார். வதந்தி வந்தபோதெல்லாம் மறுத்தார். அப்பா போன பிறகு மருத்துவமனைக் கட்டணம் பற்றிப் பொய் பரவியபோதும் அவரே வந்து விளக்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளையின் பொறுமையை நான் வணங்குகிறேன். குடும்பமே தெளிவாகப் பேசினால் வதந்திக்கு இடம் குறையும். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அந்தத் தெம்பு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

நிருபர் தம்பிகளே, உங்கள் நெருக்கடியும் எனக்குத் தெரியும். தாலுகா நிருபருக்குப் பெரும்பாலும் சம்பளம் என்று ஒன்று இருப்பதில்லை. அனுப்பிய செய்திக்குத்தான் காசு. 'மத்த சேனல்ல விஷுவல் ஓடுது, உன்கிட்ட இல்லையா?' என்று சென்னையிலிருந்து ஃபோன் வந்தால் கை நடுங்கும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு வாராவாரம் வரும் டிஆர்பி கணக்கு. யூடியூபில் இருப்பவருக்கோ இறந்தவரின் பெயரைக் கோடிப் பேர் தேடும் அந்தச் சில மணி நேரம்தான் அறுவடை. அதனால்தான் 'கதறி அழும் மனைவி', 'கடைசி நிமிடக் காட்சி' என்று தலைப்பு வருகிறது. சுஷாந்த் மரணத்தில் அவர் பெயரில் பொய்யான ட்வீட்களை ஒளிபரப்பிய ஆஜ் தக் சேனலுக்குச் செய்தி ஒளிபரப்பாளர்களின் சொந்த அமைப்பு விதித்த அபராதம் 1 லட்சம் ரூபாய். ஒரு பெரிய சேனலுக்கு அது ஒரு விளம்பர இடைவேளைக் காசு. தற்கொலைச் செய்தியில் முறையை விவரிக்கக் கூடாது, படம் போடக் கூடாது என்று பிரஸ் கவுன்சில் 2019-இல் நெறிமுறை தந்தது. 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதைத் தொலைக்காட்சிகளும் பின்பற்ற வேண்டும் என்றது. சம்பவத்தை மறுபடி நடித்துக் காட்டுவதையும் கண்டித்தது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. அமல்படுத்தும் கைதான் இல்லை.

சிவகாசி அச்சகத்தில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடிக்க வருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். கையில் நாலைந்து படம் கொண்டுவருவார்கள். ஆதார் அட்டைப் படத்தை ஒதுக்கிவிட்டு, கல்யாண வீட்டுக் குரூப் போட்டோவில் லேசாகச் சிரித்த முகத்தைக் காட்டி, 'இதைத் தனியா வெட்டி எடுத்துப் போடுங்க, அப்பா இதுலதான் நல்லா இருக்காரு' என்பார்கள். மானிட்டர் முன்னால் இருக்கும் பையனும் பின்னால் நிற்பவரின் தோளை அழித்து, சட்டைக் காலரைச் சரிசெய்து கொடுப்பான். கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கும் அந்தத் தேர்வு உண்டு. நடிகையர் திலகம் சாவித்திரிக்கு அது வாய்க்கவில்லை. ஓராண்டுக்கு மேல் கோமாவில் கிடந்து 1981 டிசம்பர் 26 அன்று மறைந்தவர். உருக்குலைந்த அந்தப் படுக்கைப் படம் இன்றைக்கும் செல்பேசிகளில் சுற்றுகிறது. 'மாயா பஜார்' எடுத்த காலத்து முகம் எவ்வளவோ இருக்க, இதைத்தான் அனுப்புகிறார்கள். பரிதாபப்பட்டு அனுப்புவதாகச் சொல்வார்கள். பரிதாபம் என்றால் அழித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இதைப் பேசத்தான் நான் முக்கியமாக வந்தேன். பிரபலங்களின் பிணத்தில் பழகிய கண் அதோடு நிற்கவில்லை. நம் மாவட்டத்தில் பட்டாசு விபத்து நடக்காத வருடமில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எல்லார் கையிலும் நல்ல கேமரா வந்துவிட்டது. இப்போது வெடிச்சத்தம் கேட்ட பத்தாவது நிமிடம் கருகிய உடல்களின் படம் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிழுகிறது. ஆம்புலன்ஸ் அரசு மருத்துவமனைக்குள் நுழையுமுன்பே, எந்த ஊர், எந்தத் தெரு என்று தெரியுமுன்பே. பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளை தன் அம்மாவின் சேலை நிறத்தை வைத்து அம்மாவை அந்தப் படத்தில் அடையாளம் காண நேரும் என்று அனுப்புகிறவர் ஒரு கணம் நினைத்துப் பார்க்கிறாரா? ஸ்ரீதேவிக்கு அறிக்கை விடக் குடும்பமும் பெரிய வழக்கறிஞர்களும் இருந்தார்கள். அந்தத் தொழிலாளிப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. வழக்கறிஞர் நண்பர்களிடம் நான் கேட்பது இரண்டு. விபத்தில் இறந்தவரின் படத்தைப் பரப்பியவர் மீது குடும்பத்தின் சார்பில் கட்டணமில்லாமல் ஒரு வழக்காவது நடத்துங்கள். கண்ணியத்தோடு வாழும் உரிமை இறந்த உடலுக்கும் நீள்கிறது என்று அரசமைப்பின் 21-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்தது, 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நாம் இறந்த பிறகு நம் தரவு உரிமைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்க வழி வைத்திருக்கிறது. அதை எப்படி எழுதிவைப்பது என்று எளிய தமிழில் ஒரு பக்கத் தாள் தயாரித்துத் தாருங்கள். சிவகாசியில் அச்சடிக்கும் செலவை ஏற்க இந்த அரங்கிலேயே ஆள் இருக்கும்.

நிருபர் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விபத்தின்போது பிணவறை வாசலில் கேமராவை எங்கே நிறுத்துவது என்று இப்போதே உங்கள் சங்கத்தில் கூடி முடிவெடுங்கள். எல்லாரும் சேர்ந்து நின்றால் 'மத்த சேனல்ல ஓடுது' என்று எவரும் உங்களை மிரட்ட முடியாது. எத்தனை பேர் இறந்தார்கள், ஆலைக்கு உரிமம் இருந்ததா, ஒரு அறையில் எத்தனை பேரை வேலைக்கு வைத்திருந்தார்கள், இழப்பீடு வந்ததா என்று விடாமல் எழுதுங்கள். அதில் யாருடைய அந்தரங்கமும் குறுக்கே வராது.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். மாணவர்கள் முதலில் கேட்கட்டும்.